காகிதமும் கடிவாளமும்

சென்ற பருவத்தில் முதுகலை வகுப்பில் சிற்றிதழ் வரலாறு நடத்தியபோது, என் சேகரிப்பிலிருந்து பழைய இதழ்கள் சிலவற்றை எடுத்துச் சென்றிருந்தேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவை. தொட்டால் ஓரம் உதிரும் தாள்கள். அவற்றைப் புரட்டிய மாணவி ஒருவர், அட்டையின் அடியில் அச்சிடப்பட்டிருந்த 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரியைச் சுட்டிக்காட்டி, "இவையெல்லாம் ரகசியப் பத்திரிகைகளா ஐயா? அரசுக்குத் தெரியாமல் நடத்தினார்களா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான், அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று என்பது உறைத்தது.

அந்த வரியின் பொருள் எளியது. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி, ஓர் இதழைப் பொதுவில் நடத்த விரும்புபவர் நடுவர் முன் உறுதிமொழி அளிக்கவேண்டும். 1956-இல் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் ஏற்பட்டபின், இதழின் பெயருக்கு டில்லியிலிருந்து ஒப்புதல் வரவேண்டும். அவையெல்லாம் முடிந்தபின்னரே அஞ்சல் துறையின் சலுகைக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்க முடியும். கைக்காசைப் போட்டு முந்நூறு படி அச்சிடும் ஆசிரியர் பலர் இந்தப் படிகளில் ஏறாமல், 'தனிச்சுற்றுக்கு' என்று அச்சிட்டு, கூடுதல் அஞ்சல்தலை ஒட்டி இதழை அனுப்பிவிட்டனர். அரசின் ஏடுகளில் அவ்விதழ்கள் பிறக்கவேயில்லை. தமிழ் நவீன இலக்கியத்தின் பெரும்பகுதி, அரசு உதவியின் எல்லைக்கு வெளியே அஞ்சல்தலைக்குக் காசு கொடுத்தே வளர்ந்தது.

இதழ்த்தொழில் நலமாக இருக்க அரசு என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் ஆயத்தமாக வந்து நிற்கின்றன. அரசு விலகி நின்றால் போதும் என்பது ஒன்று. அரசு கைகொடுக்காவிட்டால் நல்ல இதழ்கள் அழிந்துபோகும் என்பது மற்றொன்று. வரலாற்றைப் புரட்டினால் இரண்டுமே அரைகுறையானவை என்று தெரிகிறது. இதழ்களின் வாழ்வில் அரசு தொடக்கம் முதலே இருந்திருக்கிறது. அது எந்த வாயில் வழியாக உள்ளே வந்தது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

1. அஞ்சல்

இந்தியாவின் முதல் செய்தித்தாள், ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி 1780 ஜனவரியில் கல்கத்தாவில் தொடங்கிய 'பெங்கால் கெசட்'. தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸையும் அவரைச் சூழ்ந்திருந்தோரையும் அது கடுமையாக எள்ளி நகையாடியது. அரசு முதலில் அச்சகத்தில் கைவைக்கவில்லை. ஆசிரியரைச் சிறையிலும் இடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஓர் உத்தரவு வந்தது: இனி இவ்விதழ் அஞ்சல் நிலையத்தின் வழியாகச் செல்லலாகாது. அதே மாதத்தில் கல்கத்தாவில் 'இந்தியா கெசட்' என்ற போட்டி இதழ் தோன்றியது. அதற்கு ஹேஸ்டிங்ஸின் அரசு அஞ்சல் சலுகை அளித்தது. வழக்குகளும் சிறையும் ஹிக்கிக்குப் பின்னரே வந்தன. 1782-இல் அச்செழுத்துகள் பறிமுதலாகி இதழ் நின்றது. நம் நாட்டு இதழ்வரலாற்றின் முதலாண்டிலேயே, ஒருவருக்குத் தண்டனை மற்றவருக்குச் சலுகை என இரண்டும் அஞ்சல்பை வழியாகவே வந்திருக்கின்றன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதன் மறுபக்கத்தை, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் உலகின் வேறொரு மூலையில் காணலாம். 1792-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ் இயற்றிய அஞ்சல் சட்டம், செய்தித்தாள் ஒன்றை நூறு மைல் வரை ஒரு சென்டுக்கும், அதற்கப்பால் ஒன்றரை சென்டுக்கும் சுமக்கவேண்டும் என்றது. அப்போது ஒரு கடிதத்துக்கு, தொலைவைப் பொறுத்து ஆறு முதல் இருபத்தைந்து சென்ட் வரை ஆயிற்று. கடிதம் எழுதுவோர் கொடுத்த பணத்தில் செய்தித்தாள்கள் பயணம் செய்தன என்று சொல்லலாம். ஆசிரியர்கள் தமக்குள் இதழ்களைப் பரிமாறிக்கொள்ளக் கட்டணமே இல்லை. அதிபர் வாஷிங்டனின் அரசைத் தாக்கி எழுதிய 'நேஷனல் கெசட்'டும், அவ்வரசைப் புகழ்ந்த இதழும் ஒரே கட்டணத்தில் ஒரே குதிரைமேல் சென்றன. அரசு செலவு செய்தது. யாருக்கு என்று தேர்ந்தெடுக்கவில்லை.

நம்மிடம் பிரிட்டிஷ் ஆட்சி இரண்டு வழிகளையும் அறிந்திருந்தது. 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் பதிவுபெற்ற செய்தித்தாளுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. விடுதலைக்குப் பிறகும் அச்சலுகை நீடித்தது. எடை குறைந்த இதழொன்று இருபத்தைந்து காசில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போயிற்று. மறுபுறத்தில், புதுச்சேரியிலிருந்து பாரதி நடத்திய 'இந்தியா' வார இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை விழுந்ததும் 1910-இல் நின்றது. எழுதும் கையை எட்ட முடியாத அரசு, இதழ் செல்லும் பாதையை அடைத்தது. அதே ஆண்டில் வந்த பத்திரிகைச் சட்டம், புதிதாக அச்சகம் தொடங்குவோரிடம் ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை பிணைத்தொகை கேட்டது. அக்காலத்தில் ஐந்நூறு ரூபாய் ஒரு சிறிய அச்சகத்தின் உயிர்.

2. காகிதம்

விடுதலை பெற்ற இந்தியாவில் அரசு நல்லெண்ணத்தோடுதான் தொடங்கியது. 1952-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த முதல் பத்திரிகை ஆணையம் 1954-இல் அறிக்கை அளித்தது. நாளிதழ் விற்பனையில் ஏறத்தாழப் பாதி, பதினைந்து உரிமையாளர்களின் கையில் இருப்பதை அது கண்டது. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், பதிவாளர் அலுவலகம், பத்திரிகை மன்றம் ஆகியவை அவ்வறிக்கையிலிருந்து பிறந்தவையே. அதன் இன்னொரு பரிந்துரை பக்கத்துக்கேற்ற விலை. பெருமுதலாளி குறைந்த விலைக்கு நிறையப் பக்கம் கொடுத்தால் சிறிய இதழ் மூச்சுத் திணறிப் போகும். ஆகவே இத்தனை பக்கத்துக்கு இன்ன விலை என்று அரசே வரையறுக்கட்டும் என்பது அதன் சாரம். 1956-இல் சட்டமும், 1960-இல் ஆணையும் வந்தன.

இந்த ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற இதழ் எது என்பதில்தான் வரலாற்றின் குறும்பு இருக்கிறது. நானாசாகேப் பருலேகர் 1932-இல் பூனாவில் தொடங்கிய மராத்தி நாளிதழ் 'சகாள்' அது. பெரும் ஆங்கில நாளிதழ்களின் வரிசையில் வைக்கத்தக்க நிறுவனமன்று; ஆறு பக்கத்தை ஏழு நயாபைசாவுக்கு விற்றுவந்தது. ஆணைப்படி அது பக்கத்தைக் குறைக்கவேண்டும், அல்லது விலையை ஏற்றவேண்டும். சிறியோரைக் காக்க வந்த விதி ஒரு மாநில மொழி இதழின் கழுத்திலும் விழுந்தது. 1961 செப்டம்பரில் நீதிபதி முதோல்கர் எழுதிய தீர்ப்பு, சட்டத்தின் உரிய பிரிவையும் ஆணையையும் செல்லாதவையாக்கியது. எத்தனை பேரிடம் பேசலாம் என்பதும் பேச்சுரிமையின் பகுதியே. ஒருவரின் குரலை வளர்ப்பதற்காக இன்னொருவரின் குரலைச் சுருக்க அரசியலமைப்பில் இடமில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

விலை வழியாக நுழைய முடியாத அரசு காகிதத்தின் வழியாக நுழைந்தது. செய்தித்தாள் காகிதத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வாங்கவேண்டியிருந்தது. அன்னியச் செலாவணியோ பற்றாக்குறை. பங்கிடும் தேவை மெய்யானது என்பதை மறுக்க முடியாது. 1962-ஆம் ஆண்டின் காகிதக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, எந்த இதழும் அதிகாரி அனுமதித்த அளவுக்குமேல் காகிதம் வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது. எத்தனை படிகள், எத்தனை பக்கங்கள் என்ற கணக்கின்மேல் ஒதுக்கீடு. விளைவு ஊகிக்கக்கூடியதே. விற்பனையைப் பெருக்கிக் காட்டுவது ஒரு கலையாயிற்று. பெயரளவுக்கு ஓர் இதழைப் பதிவு செய்து, வந்த காகிதத்தை வெளிச்சந்தையில் விற்றவர்களும் உண்டு. மெய்யாகவே வாசகர் பெருகிய இதழ், கூடுதல் தாளுக்காக டில்லி அலுவலகத்தின் வாயிலில் நின்றது.

1972-73-ஆம் ஆண்டின் காகிதக் கொள்கை இதன் உச்சம். எந்த நாளிதழும் பத்துப் பக்கத்தைத் தாண்டலாகாது. ஒரே உரிமையாளர் தமக்குரிய ஒதுக்கீட்டுக்குள்கூடப் புதிய இதழோ புதிய பதிப்போ தொடங்கலாகாது. ஓர் இதழின் காகிதத்தைத் தம் மற்றோர் இதழுக்கு மாற்றிக்கொள்ளவும் கூடாது. பென்னட் கோல்மன் முதலிய நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1972 அக்டோபர் 30 அன்று ஐவர் கொண்ட அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இக்கட்டுப்பாடுகளை நீக்கியது. காகிதத்தைப் பங்கிடலாம், பங்கிடுகிறேன் என்ற பெயரில் இதழின் உருவத்தையும் வளர்ச்சியையும் அரசு தீர்மானிக்க முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

நான் வாசகர்களிடம் வற்புறுத்த விரும்புவது, மாறுபட்டு எழுதிய நீதிபதி கே. கே. மாத்யூவின் தீர்ப்பையும் படிக்கவேண்டும் என்பதே. பேசுபவரின் உரிமையை மட்டும் பார்த்தால் போதாது, பல குரல்களைக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்று அவர் வாதிட்டார். அச்சகமும் முதலும் சிலர் கையில் குவிந்திருக்கும் நாட்டில், பற்றாக்குறையான காகிதத்தைச் சிறிய இதழ்களுக்குக் கூடுதலாகத் தருவது பேச்சுரிமையைப் பறிப்பதாகாது, பரப்புவதாகும் என்பது அவர் நிலை. அவர் சொன்ன நோய் பொய்யன்று. மருந்து எவர் கையில் இருந்தது என்பதுதான் இடர்.

3. ஒரு கை, பல பிடிகள்

அந்தக் கை எதைச் செய்யும் என்பது மூன்றே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, டில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜாபர் சாலைக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தணிக்கை வந்தது. ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. பத்திரிகை மன்றம் கலைக்கப்பட்டது. 1976-இல் நான்கு செய்தி நிறுவனங்கள் 'சமாச்சார்' என்ற ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. இவற்றை நாம் அறிவோம், பாடநூலிலும் சொல்கிறோம்.

அதிகம் பேசப்படாதது விளம்பரத்தின் கதை. நெருக்கடி நிலைக்குப் பின் நடந்த விசாரணைகளில், இதழ்களை நட்பானவை, நடுநிலையானவை, பகையானவை என்று வகைபிரித்து அரசு விளம்பரங்களைக் கூட்டியும் குறைத்தும் அளித்தது வெளிப்பட்டது. தணிக்கை செய்ய ஓர் அதிகாரி வேண்டும், ஒரு சட்டம் வேண்டும், பிறகு பழியும் வந்துசேரும். விளம்பரத்தை நிறுத்துவதற்கு எதுவும் வேண்டியதில்லை. ஒரு பட்டியலில் ஒரு பெயரை எழுதாமல் விட்டால் போதும். தணிக்கை 1977-இல் போயிற்று. பட்டியல் எழுதும் மேசை போகவில்லை. மத்தியிலும் மாநிலங்களிலும், எல்லாக் கட்சிகளின் ஆட்சியிலும், பிடிக்காத இதழுக்கு விளம்பரம் நின்றுபோவதாகக் குற்றச்சாட்டுகள் தொடர்ந்து எழுந்தன. 2015-இல் 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களுக்கு நெறிமுறை வகுத்தது; அவ்விவாதத்தில் மக்கள் கவனம் தலைவர்களின் படங்கள்மேல் போன அளவுக்கு விளம்பரப் பங்கீட்டின்மேல் போகவில்லை.

வரியின் கதையும் இத்தகையதே. 1977 முதல் இறக்குமதிக் காகிதத்துக்குச் சுங்கவரி விலக்கு இருந்தது. 1981 மார்ச்சில் பதினைந்து விழுக்காடு வரி வந்தது. மறு ஆண்டில் அது டன்னுக்கு 550 ரூபாயும் 275 ரூபாய்த் துணைவரியுமாக மாறியது. 1984 டிசம்பரில் நீதிபதி வெங்கடராமையா எழுதிய தீர்ப்பு நிதானமானது. இதழ்களுக்கு வரியே கூடாது என்று அது சொல்லவில்லை. இதழ்கள் சுமக்க முடியாத வரி அறிவின்மேல் விதிக்கும் வரியாகிவிடும், ஆகவே அரசு மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. விற்பனை எண்ணிக்கையின்படி சிறிய இதழ்களுக்குச் சலுகை தருவதை அது தவறாகக் கொள்ளவில்லை. எண்ணிக்கை என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். அதில் எவருடைய முகமும் தெரிவதில்லை.

4. ஆலை

அரசு செய்த ஒரு நற்செயலையும் சொல்லியாகவேண்டும். காகிதப் பஞ்சத்துக்கு மெய்யான மருந்து காகிதம் செய்வதுதான். மத்தியப் பிரதேசத்து நேபாநகரில் தனியாரால் தொடங்கப்பட்டு அரசின் கைக்கு வந்த ஆலையில் 1955-இல் இந்தியாவின் முதல் செய்தித்தாள் காகிதம் உருவாயிற்று. மறு ஆண்டில் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தமிழ்நாடு அரசு 1979-இல் தொடங்கிய காகித நிறுவனம் இன்னும் துணிச்சலான முயற்சி. கரூரை அடுத்த புகளூரில், காவிரிக்கரைக் கரும்பின் சக்கையிலிருந்து காகிதம். சர்க்கரை ஆலைகள் கரும்புச்சக்கையைக் கொதிகலனில் எரித்துவந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளுக்கு வழிசெய்து சக்கையைப் பெற்றுக்கொண்டது இந்நிறுவனம். எண்பதுகளின் நடுவில் காகிதம் வரத் தொடங்கியது. அவ்வூர்ப் பகுதிக்குக் காகிதபுரம் என்றே பெயராயிற்று. காட்டு மரத்தை வெட்டாமல், கரும்பு பிழிந்த மிச்சத்தில் நாளிதழ் அச்சானது நம் மண்ணில் நடந்த சாதனை.

1995-இல் காகித இறக்குமதி தடையின்றித் திறந்துவிடப்பட்டது. ஒதுக்கீட்டு அலுவலகத்தின் வாயிலில் வரிசை கலைந்தது, நல்லதே. ஆனால் அதையொட்டிய ஆண்டுகளில் டில்லியில் பெரிய ஆங்கில நாளிதழ்கள் விலையைப் போட்டிபோட்டுக் குறைத்தபோது, நாற்பதாண்டுகளுக்கு முன் பத்திரிகை ஆணையம் அஞ்சியது அப்படியே நடந்தது. விளம்பர வருவாய் உள்ளவர் அடக்கவிலைக்கும் கீழே விற்கலாம். அது இல்லாதவர் கடையை மூடவேண்டியதுதான். நீதிபதி மாத்யூ சொன்ன நோய் திரும்பி வந்தது.

5. எண்களும் முகங்களும்

எனில் அரசு என்னதான் செய்யவேண்டும்? மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு வேறுபாட்டை உருவியெடுக்கலாம் என்று எண்ணுகிறேன். வாசகனை நோக்கிச் செல்லும் உதவி ஒன்று. ஆசிரியனை நோக்கிச் செல்லும் உதவி மற்றொன்று. அஞ்சல் கட்டணத்தைக் குறைப்பதும், காகித வரியை நீக்குவதும், காகிதம் செய்வதும், நூலகத்தில் இதழ் வாங்கி வைப்பதும் முதல்வகை. எவர் படிக்க விரும்புகிறாரோ அவருக்கு வழி எளிதாகிறது. எதைப் படிப்பது என்பதை அவரே முடிவுசெய்கிறார். விளம்பரமும் ஒதுக்கீடும் பரிசும் நேரே ஆசிரியனின் மேசைக்கு வருபவை. அவை விதிப்படி வந்தால் உதவி, விருப்பப்படி வந்தால் கடிவாளம். கடிவாளம் எப்போதும் இழுக்கப்படவேண்டும் என்பதில்லை. வாயில் இரும்பு இருக்கிறது என்ற நினைவே குதிரைக்குப் போதும்.

நேரடி மானியம் எல்லாமே தீது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்வீடன் 1971 முதல், ஓர் ஊரில் இரண்டாமிடத்தில் நிற்கும் நாளிதழுக்கு மானியம் அளித்துவந்தது. விளம்பரம் முதலிடத்து இதழைத் தேடித் தானாகப் போகும், இரண்டாவது குரல் அவிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அவ்வூரின் குடும்பங்களில் எத்தனை பங்கு அதை வாங்குகிறது என்ற எண்ணிக்கையே அதில் முதன்மையான அளவுகோலாக இருந்தது. மானியத்தையே நம்பிக் கிடக்கும் சோம்பலை அது வளர்த்தது என்ற குறையும் அங்கே எழுந்ததுண்டு. ஆனால் நேற்றுத் தலையங்கத்தில் அமைச்சரைக் கண்டித்த இதழுக்கும் இன்று கணக்குப்படி பணம் வந்தது.

நம்மிடம் அதற்கான வித்து இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலித்து ஊர்தோறும் வாசிப்புக்கு ஒரு நிலையான வருவாயை ஏற்படுத்தியது. ஒரு மாவட்டத்து நூலகங்கள் ஓர் இதழில் ஐம்பது படி வாங்கினால், சிறிய இதழுக்கு அச்சகக் கடனின் பாதி அடையும். எந்த இதழ் பட்டியலில் சேரும், எது ஏன் நீக்கப்படும் என்ற விதி வெளிப்படையாக இருக்கவேண்டும், அவ்வளவே தேவை. அவ்விதி அமைச்சரின் மேசைக்குள் இருந்தால், நூலகமும் இன்னொரு விளம்பரப் பட்டியல்தான்.

1867-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. 2023-இல் இயற்றப்பட்ட புதிய பதிவுச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் இடத்திலும் புதியது வந்துவிட்டது. 2024-இன் இறுதியில், நூல்களையும் இதழ்களையும் குறைந்த செலவில் பதிவுசெய்து அனுப்ப உதவிய பதிவு நூலஞ்சல் சேவை நிறுத்தப்பட்டது. அதற்காக ஊர்வலங்கள் நடக்கவில்லை. தொலைக்காட்சியில் எவரும் வாதாடவுமில்லை. எவரையும் பகையென்று குறிக்காமலே, ஒரு சிறிய பதிப்பாளருக்கும் தொலைவிலிருக்கும் வாசகருக்கும் இடையிலிருந்த மலிவான பாதையொன்று மூடிக்கொண்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலும் இது நடக்கக்கூடும் என்பதை ஹிக்கியின் கதையோடு சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியிடம், "ரகசியப் பத்திரிகைகள் இல்லை அம்மா, அரசின் உதவி எட்டாத பத்திரிகைகள்" என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "எட்டியிருந்தால் இதே மாதிரி எழுதியிருப்பார்களா ஐயா?" என்று கேட்டார். அஞ்சல்தலையின் சலுகை மட்டும் எட்டியிருந்தால், இதையே எழுதி இன்னும் ஆயிரம் பேரிடம் சேர்த்திருப்பார்கள் என்பது என் விடை. வேறு உதவிகள் எட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என்னால் உறுதி கூற முடியவில்லை.